பதிமூன்று எழுத்துப் பெயர்

லெனோர் டீச்சர் மாநிலத் தேர்தலில் நிற்பதாக அறிவித்தது எங்கள் ஊர்க் கண்காட்சித் திடலில், ஆட்டுக்குட்டிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகையில். கையில் மைக் இருந்தது. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பேச்சு பக்கத்தில் நின்ற நாலு பேரோடு போயிருக்கும்.

அன்று கார்ட்னர் லெஃபிங்வெல் தலைநகர் ஷயானிலிருந்து வந்திருந்தார். மாநிலக் கல்வி ஆணையர் பதவிக்கு எங்கள் வயோமிங் மாநிலம் முழுவதும் அவர் ஒருவர்தான் மனு கொடுத்திருந்தார். எதிர்த்து யாரும் இல்லை. நவம்பரில் அச்சாகப் போகும் வாக்குச்சீட்டில் அந்தப் பதவிக்கு ஒரே பெயர். ஜெயித்தாகிவிட்டது என்ற தெம்பில் மனிதர் மனதில் இருந்ததை வெளியே சொல்லிவிட்டார்: பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள கிராமப் பள்ளிகளை மூடிவிட்டுப் பேருந்தில் நகரத்துக்கு அழைத்துப் போகலாம். செலவு குறையும், பிள்ளைகளுக்கும் நல்லது.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். டீச்சர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பவுடர் ஃபோர்க் ஸ்கூல்ல ஆறு பிள்ளைங்க. அதுல ஒண்ணுக்கு அஞ்சு வயசு. அது பஸ்ல எவ்வளவு நேரம் உக்காரணும்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்மா."

"நான் அந்த ரோட்ல வண்டி ஓட்டியிருக்கேன். ஜனவரிப் பனியில ரெண்டு மணி நேரம். அதுவும் ரோடு திறந்திருந்தா."

லெஃபிங்வெல் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மேடையில் சிரித்துச் சமாளிக்கப் பழகியவர். "இவ்வளவு அக்கறை இருக்கிறவங்க நீங்களே நின்னிருக்கலாமே!" என்றார். கொட்டகையில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

"சரி, நிக்கிறேன்" என்றார் டீச்சர்.

"மனு கொடுக்கிற நாள் முடிஞ்சு போச்சும்மா."

"சீட்டுல உங்க பேருக்குக் கீழ ஒரு வெத்துக் கோடு இருக்கும்ல? அதுல எழுதட்டும்."

இந்தத் தடவை சிரித்த பாதி வேறு பாதி.

அந்த வெற்றுக் கோட்டில் வாக்காளர் யார் பெயரை வேண்டுமானாலும் கைப்பட எழுதலாம். சட்டப்படி அது ஓட்டுதான். ஆனால் மாநிலம் முழுவதும் அப்படி எழுதவைத்து யாரும் ஜெயித்ததாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. டீச்சரின் முழுப்பெயர் லெனோர் உருத்திகோச்சியா. ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயருக்குப் பதிமூன்று எழுத்து. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் 'மிசஸ் யூ' என்றுதான் கூப்பிடுவோம்.

அது அவர் கணவர் பெயோவின் பெயர். பெயோவின் அப்பா ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் நாட்டு மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு முற்றத்தில் பெயோ ஆட்டுக்கறியை நெருப்பில் திருப்பிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா கப்பல்ல இந்தப் பேரைத் தவிர வேற எதையும் கொண்டுவரல. அதையும் பாதி வழியில கடல்ல போட்டிருக்கலாம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி லெனோர் பிராட்டா இருந்தப்ப நிம்மதியா இருந்தேன்" என்றார் டீச்சர்.

"தேர்தல்ல நிப்பேன்னு அப்பவே சொல்லியிருந்தா உன்னை எவனாவது ஸ்மித்துக்குக் கட்டிவச்சுட்டு நான் ஒதுங்கியிருப்பேனே."

என் பெயர் ராய்ஸ் கிம்ப்ரெல். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். டீச்சரிடம் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவன். பெயோ சிவப்பு ஒயினை என் கோப்பையில் ஊற்றியபோதே, பலகை வேலை என் தலையில்தான் விழும் என்று தெரிந்துவிட்டது.

"டீச்சர், 'மிசஸ் யூ'ன்னே எழுதச் சொல்லிட்டா என்ன? எல்லாருக்கும் சுலபம்" என்றேன்.

"எத்தனை மிசஸ் யூ இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? என் பேர் எனக்கு இருக்கு. அதை எழுதட்டும்."

"எழுத வராதே டீச்சர்."

"வராதுன்னா சொல்லிக்குடுப்போம். நான் வேற என்ன வேலை பாத்தேன்?"

பத்துப் பலகை எழுதிக் கொண்டுபோனேன். நீலத்தில் வெள்ளை எழுத்து, நானே மெச்சிக்கொண்ட வேலை. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பத்துப் பலகையிலும் ஒரு 'ஆர்' குறைவு.

திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன். அவர் விடவில்லை. என் பெயிண்ட் டப்பாவிலிருந்து சிவப்பை எடுத்து, விடுபட்ட இடத்தில் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே 'ஆர்' என்று எழுதினார். எங்கள் பரீட்சைத் தாள்களில் போடுவாரே, அதே குறி. பத்திலும் போட்டுவிட்டு, "இப்படியே நெடுஞ்சாலையில நடு" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்தப் பலகையை ஒரு பத்திரிகைக்காரர் படமெடுத்துப் போட்டார். கல்வி ஆணையர் பதவிக்கு நிற்பவர் தன் பிரச்சாரப் பலகையையே சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார் என்று மாநிலம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் பெயரை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் நாற்பது பலகை கேட்டு ஆள் வந்தது. எல்லாருக்கும் தப்போடும் திருத்தத்தோடும்தான் வேண்டுமாம்.

அதற்குப் பிறகு நாங்கள் ஊர் ஊராகப் போனோம். என் வேனில் டீச்சர், நான், ஒரு கரும்பலகை. பெயோ ஆடுகளை விட்டு வர மாட்டார். கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே கரும்பலகையை நிறுத்துவோம். ஜில்லட்டில் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் ஷிப்ட் மாறும் நேரம். டாரிங்டனில் மாட்டு ஏலம். அங்கே ஏலக்காரர் ஒருவர் டீச்சரின் பெயரை எழுத்தெழுத்தாக, மாட்டுக்கு விலை கூவுகிற அதே வேகத்தில், மூச்சு விடாமல் கூவிக் காட்டினார். அரங்கமே கூடச் சேர்ந்து கூவியது. தெற்கே ராக் ஸ்பிரிங்ஸ் வரைக்கும் அந்தக் கூவல் எங்களுக்கு முன்னால் போய்விட்டது.

ஒரு மதுக்கடையில் லாரி ஓட்டும் பெரியவர் ஒருவர் சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றார். "டீச்சர், நான் உங்ககிட்ட படிச்சதே கிடையாது. எனக்கு ஏன் பயமா இருக்குது?"

"தப்பு விட்டா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எழுதுங்க."

அவர் எழுதினார். கடைசியில் வர வேண்டிய 'இ'யும் 'ஏ'யும் இடம் மாறியிருந்தன.

"பதிமூணுல பதினொண்ணு. பரவாயில்ல" என்றார் டீச்சர்.

"ஸ்கூல்ல இருந்தப்பக்கூட எனக்கு இவ்வளவு மார்க் வந்ததில்ல!" என்று அவர் கத்த, கடையில் இருந்தவர்கள் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

டீச்சர் எழுதக் கற்றுக்கொடுத்தது மட்டுமில்லை. ஒவ்வொரு ஊரிலும் பெயர் முடிந்ததும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார். எந்த ஊரில் ஆசிரியர் இல்லை, எந்த ஊரில் கூரை ஒழுகுகிறது என்று கேட்பார். கேட்டதை மறக்க மாட்டார். அடுத்த ஊரில் அதைச் சொல்லுவார். நீட்டி முழக்க மாட்டார். வகுப்பு முடிகிற மணி அடிக்கப் போகிறது என்பதுபோல் பேசி முடித்துவிடுவார்.

அக்டோபரில் லெஃபிங்வெல் வானொலியில் பேசினார். அதுவரை எங்களைப் பொருட்படுத்தாமல் இருந்தவர். "நம்ம ஜனங்க பாவம், வேலை செஞ்சு களைச்சுப் போயிருப்பாங்க. ஓட்டுச்சாவடியில போயி எழுத்துப் பரீட்சை எழுதணுமா? என் பேருக்கு நேரா வட்டத்தைக் கறுப்பாக்கினா முடிஞ்சுது" என்றார்.

வேனில் நான் பொங்கினேன். டீச்சர் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டு, "தப்புப் பண்ணிட்டான்" என்றார்.

"என்ன தப்பு டீச்சர்?"

"உன்னால முடியாதுன்னு சொல்லிட்டான்ல? இந்த ஊர்க்காரங்ககிட்ட அதைச் சொல்லலாமா?"

அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து ஜனங்கள் எங்களைக் கேட்காமலேயே எழுதிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓட்டல் நாப்கினில், வண்டிக் கண்ணாடித் தூசியில், தானியக் கிடங்குச் சுவரில். ரிவர்டனில் ஒரு பெண் கேக் மேல் எழுதிக் கொண்டுவந்தாள். அதிலும் ஒரு 'ஆர்' குறைவு. டீச்சர் சிவப்பு ஜாம் கேட்டு வாங்கித் திருத்திவிட்டுத்தான் வெட்டினார்.

ஒருமுறை நான் கேட்டேன்: "நெஜமாவே ஜெயிப்போமா டீச்சர்?"

"தோக்கிறதுக்கா ராய்ஸ் இவ்வளவு பெட்ரோல் போடுறேன்?" என்றார். பிறகு பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேர்தலுக்கு மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுச் சமையலறையில் கூடினோம். பெயோ முட்டையும் கார சாஸேஜும் வதக்கிக்கொண்டிருந்தார். வானொலியில் முடிவு சொன்னார்கள். ஆளுநர் யார், பொருளாளர் யார் என்று வரிசையாக. கல்வி ஆணையருக்கு வந்ததும் அறிவிப்பாளரே தடுமாறினார். லெஃபிங்வெல்லைவிட 'எழுதிப்போட்ட பெயர்கள்' நாலாயிரம் ஓட்டு அதிகம். யார் பெயர் எழுதியிருக்கிறது என்று எந்திரத்துக்குத் தெரியாது. கோட்டில் ஏதோ எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மனிதர்கள் எடுத்துப் படிக்க வேண்டும்.

நான் குதித்தேன். பெயோ கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டார். டீச்சர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "குதிக்காத. அதுல எத்தனை பேரு அவங்க வீட்டு நாய் பேரை எழுதியிருக்காங்களோ" என்றார்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் எண்ணினார்கள். லெஃபிங்வெல்லின் வக்கீல்கள் எல்லா இடத்துக்கும் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் வாதம் ஒன்றே ஒன்று: ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெயர், ஓட்டைத் தள்ள வேண்டும். எங்கள் பக்கம் சொன்னது, எழுதியவர் யாரை நினைத்தார் என்பது தெளிவாக இருந்தால் போதும், சட்டம் அதைத்தான் கேட்கிறது. தப்பான ஓட்டையெல்லாம் தள்ளினால் லெஃபிங்வெல் ஜெயிப்பார். சேர்த்தால் டீச்சர். சின்ன மாவட்டங்கள் முடிந்து, கடைசியில் கேஸ்பர் நகரத்தில் வந்து நின்றது.

அங்கே தேர்தல் அதிகாரி ஐவா டன்ஹம் என்ற பெண்மணி. யாருக்கும் சாயாதவர் என்று பெயர். நீதிமன்றக் கட்டடத்துப் பெரிய கூடத்தில் நீள மேசை போட்டிருந்தார். ஒரு பக்கம் லெஃபிங்வெல்லின் வக்கீல் ஸ்லேட்டர், பளபளக்கும் பூட்ஸ் போட்ட இளைஞர். எதிர்ப்பக்கம் எங்கள் வக்கீல் உட்கார வேண்டியது. அவருக்குக் காய்ச்சல். "நானே உக்காந்துக்கிறேன்" என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பார்க்க வந்தவர்கள் சுவர் ஓரமாக நின்றோம்.

ஐவா ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டுவார். சரியாக எழுதியிருந்தால் ஒரு குவியல். பிழை இருந்தால் ஸ்லேட்டர் கையைத் தூக்குவார், "ஆட்சேபிக்கிறேன்." அது தனிக் குவியல். மத்தியானத்துக்குள் தனிக் குவியல் உயர்ந்துவிட்டது. 'உருட்டிகோச்சர்', 'ருத்திகோச்', 'உரித்திகச்சியா'. ஜனங்கள் பாடுபட்டு எழுதியிருந்தார்கள். ஒருவர் மூன்று தடவை அடித்து நாலாவது தடவை எழுதி, அதிலும் கோட்டை விட்டிருந்தார். கடைசி 'ஏ'க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

ஸ்லேட்டர் அந்தச் சீட்டை மேசையில் டீச்சர் பக்கம் தள்ளினார். "மேடம், நீங்க முப்பது வருஷம் எழுத்துப்பிழைக்கு மார்க் வெட்டினவங்க. உங்களைப் பத்தி விசாரிச்சேன். ஊரே நடுங்குமாம். இந்தப் பேப்பர் உங்க கிளாஸ்ல வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நேர்மையா சொல்லுங்க."

நான் சுவரில் சாய்ந்தபடி, டீச்சர் என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

டீச்சர் சீட்டைத் தொடாமல் குனிந்து படித்தார். "ரெண்டு பிழை. ஒரு மார்க் வெட்டியிருப்பேன்."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஒரு மார்க் போச்சு. மிச்சத்தைப் போட்டுப் பையன்கிட்டத் திருப்பிக் குடுத்திருப்பேன். முப்பது வருஷத்துல பிழை இருக்குன்னு நான் ஒரு பேப்பரையும் குப்பையில போட்டதில்ல தம்பி. என்ன எழுத வந்தான்னு புரிஞ்சாத்தானே எங்க தப்புன்னு வட்டம் போட முடியும்? உனக்கு இதுல யார் பேர்னு புரியலையா?"

ஸ்லேட்டர் சீட்டைக் குனிந்து இன்னொரு முறை படித்தார்.

"புரியுது" என்றார் கடைசியில். வக்கீல் என்றாலும் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

ஐவா டன்ஹம் அந்தச் சீட்டை எடுத்து லெனோர் டீச்சரின் குவியலில் வைத்தார். "இந்த மாதிரி உள்ளதை எல்லாம் நான் இந்தப் பக்கம் வைக்கப் போறேன். மேல்முறையீடு செய்யணும்னா செய்யுங்க" என்றார்.

பின்னால் யாரோ கைதட்டினார்கள். ஐவா ஒரு பார்வை பார்த்தார். தட்டியவர் நிறுத்திவிட்டார்.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அடுத்து வந்த சீட்டில் 'மிசஸ் யூ' என்று மட்டும் இருந்தது. அப்புறம் ஒன்றில் 'அந்த டீச்சர்'. ஒன்றில் 'பெயோ பொண்டாட்டி'. எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் என் காதில், "இதெல்லாம் நம்ம ஓட்டுடா, எல்லாருக்கும் தெரியும்" என்றான். ஸ்லேட்டர் கையைத் தூக்கும் முன்னால் டீச்சரே தலையாட்டினார்.

"தள்ளிடுங்க ஐவா."

"டீச்சர்!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"சும்மா இரு ராய்ஸ். மாநிலத்துல டீச்சர் ஆயிரம் பேர் இருக்காங்க. எழுதினது என்னைத்தான்னு எனக்குத் தெரிஞ்சா போதாது, படிக்கிறவங்களுக்குத் தெரியணும். பேரை எழுத முயற்சியே பண்ணல. இதுக்கு மார்க் கிடையாது."

"பெயோ பொண்டாட்டி நீங்க ஒருத்தர்தானே!"

"அது இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஸ்லேட்டரைக் காட்டினார்.

இப்படி அந்த ஒரு கூடத்தில் மட்டும் இருநூறுக்கு மேல் போயிற்று. ஆனால் ஸ்லேட்டர் அதற்குப் பிறகு கையை அதிகம் தூக்கவில்லை. சாயங்காலம் வெளியே வந்தபோது என்னிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கி சிகரெட் பற்ற வைத்தார். "உங்க டீச்சர்கிட்ட நான் படிச்சிருந்தா வக்கீலாகவே ஆகியிருக்க மாட்டேன்" என்றார். அது புகழ்ச்சியா குறையா என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் கூட்டிக் கழித்து, ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் டீச்சர் ஜெயித்தார். மேல்முறையீடு வரவில்லை. லெஃபிங்வெல் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயோதான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"வாழ்த்துகள் மேடம். உண்மையைச் சொல்லவா? என்னைக்கு அந்தக் கொட்டகையில நீங்க சரின்னு சொன்னீங்களோ அன்னைக்கே என் மனைவி சொன்னா, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்னு."

"உங்க மனைவியை நான் பாக்கணுமே" என்றார் டீச்சர். "நீங்களும் வாங்க. உங்க கணக்கெல்லாம் தப்பில்ல. பஸ் செலவு பத்தி நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். வந்து உக்காந்து பேசுங்க."

அவர் வந்தார். ஆட்டுக்கறி சாப்பிட்டார். பெயோவின் ஒயினைக் குடித்துவிட்டு அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. மனைவிதான் ஓட்டிப் போனாள்.

ஜனவரியில் டீச்சர் பதவி ஏற்றார். பவுடர் ஃபோர்க் பள்ளி மூடப்படவில்லை. அதேபோல் இன்னும் பதினாலு பள்ளிகள் தப்பின. ஆனால் இதோடு கதையை நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். இரண்டாம் வருடம் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பள்ளியை மூடச் சொல்லி டீச்சர் எழுதினார். காட்டன்வுட் பெஞ்ச் என்று பெயர். அங்கே இரண்டே பிள்ளைகள், அதுவும் அண்ணன் தங்கை. ஆசிரியர் கிடைக்கவில்லை. டீச்சர் அந்தப் பாதையில் பனிக்காலத்தில் மூன்று தடவை தானே வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்.

ஊர் கொதித்தது. டீச்சருக்காகக் கரும்பலகை தூக்கியவர்களே திட்டினார்கள். கடிதம் போட்டு முடித்திருக்கலாம். அவர் ஷயானிலிருந்து நேரே வந்து அந்தப் பள்ளியின் ஒற்றை அறையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன். சுற்றிலும் நாற்பது பேர் கோபமாக நின்றார்கள்.

பிள்ளைகளின் அப்பா டேல் முதலில் ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "உங்களை நம்பி ஓட்டுப் போட்டோம் டீச்சர். இப்ப எங்க முதுகுல குத்திட்டீங்களே?"

"முதுகுல இல்ல டேல். மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் வந்திருக்கேன்." டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "உன் பொண்ணு எட்டு வயசு. அவகூட விளையாட அவ அண்ணனைத் தவிர ஆளில்ல. பாதையை நான் பாத்துட்டேன், அம்பது நிமிஷம், மலைச்சரிவு கிடையாது. பவுடர் ஃபோர்க் மாதிரி இது இல்ல. அது மாதிரி இருந்திருந்தா மூட விட்டிருக்க மாட்டேன்."

"பனி அடிச்சா?"

"பனி அடிக்கிற வாரம் பிள்ளைங்க நகரத்துல தங்குறதுக்கு ரெண்டு வீடு பேசி வச்சிருக்கேன். நீ வந்து பாத்துட்டு ஒத்துக்கிட்டாத்தான். பிடிக்கலைன்னா வேற வீடு தேடுவோம்."

டேலின் மனைவி குறுக்கிட்டாள். "வீட்டுக்காரங்க யாரு?"

டீச்சர் பெயர்களைச் சொன்னார். அவள் ஒருவரைத் தெரியும் என்றாள், இன்னொருவரைப் பற்றி முகம் சுளித்தாள். "அப்ப அவங்க வேணாம்" என்று டீச்சர் உடனே விட்டுவிட்டார். டேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் போகவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஒவ்வொருத்தரா கேளுங்க. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.